அம்மா அப்பாவோடு டோக்கியோவிலிருந்து ஒருநாள் பயணம்: நிக்கோவா, காமகுராவா, இரண்டுமா?

கடையம்_பையன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் அப்பாவும் நவம்பர் இரண்டாம் வாரம் ஊரிலிருந்து வருகிறார்கள், பத்து நாள் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். எனக்கு மூன்று நாள்தான் லீவு, அதோடு ஒரு சனி ஞாயிறு. பழைய ஊர், கோயில் என்று பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. யூடியூபில் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் பதினேழு இடம் எழுதி வைத்திருக்கிறார், அதில் ஹிரோஷிமாவும் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நிக்கோவும் காமகுராவும் ஒரே நாளில் போய்விட்டு வந்துவிட்டால் மீதி நாளில் கியோட்டோ போகலாம் என்று ஒரு கணக்கு. சரி வருமா?

ரயில்_பைத்தியம்

வராது. நிக்கோ டோக்கியோவுக்கு வடக்கே, காமகுரா தெற்கே. அசகுசாவிலிருந்து தோபு கம்பெனி விரைவு வண்டியில் நிக்கோவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், அங்கே இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். காமகுரா டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து யோகோசுகா லைனில் ஒரு மணி நேரம். கணக்கில் முடியும்போலத் தெரியும், ஆனால் நவம்பரில் நிக்கோ தோஷோகு சன்னதி மாலை 4 மணிக்கே மூடிவிடும், மூன்றரைக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். நாலரைக்கெல்லாம் சூரியனும் போய்விடும். ஊரில் மாலை நாலு மணிக்கு நடை திறக்கிற பழக்கத்தில் வருபவர்களுக்கு இது புரியவே இரண்டு நாள் ஆகும்.

சுற்றுலாப் பயணிகளுக்கான ஜே.ஆர். ரயில் பாஸ் வாங்கிக்கொடுத்துவிடாதே. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆக்கிவிட்டார்கள். நான் சொன்ன தோபு வழிக்கு அது செல்லவும் செல்லாது, காமகுரா போய்வர இரண்டாயிரம் யென்னை ஒட்டித்தான் ஆகும். காசு ஏற்றித் தட்டிப் போகிற சுய்கா அட்டை போதும். அப்பா அம்மா சுற்றுலா விசாவில் வருவதால் தோபுவின் நிக்கோ பாஸ் அவர்களுக்குக் கிடைக்கும், பஸ்ஸும் அதில் அடக்கம், விரைவு வண்டிக் கட்டணம் மட்டும் தனி. நீ இங்கே வேலை பார்ப்பவன், உனக்கு டிக்கெட்தான்.

நிஷிகசாய்_அக்கா

தம்பி, அவர் ரயிலைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் படியைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு சுற்றியதில் கற்றுக்கொண்டது இது. இந்த நாட்டில் சாமி எல்லாம் மேட்டில்தான் இருக்கிறது. நிக்கோவில் தூங்கும் பூனை சிற்பத்தைத் தாண்டி, நாட்டை ஆண்ட படைத்தலைவர் (ஷோகன்) இயெயாசுவின் சமாதிக்குப் போக 207 கல்படி, படி ஒவ்வொன்றும் உயரம். காமகுரா ஹச்சிமான்கூ சன்னதியில் 61. யாமாதேராவில் ஆயிரத்துச் சொச்சம், அதை அப்பாவின் நோட்டில் பார்த்தால் சத்தமில்லாமல் அடித்துவிடு. ஷிகோகுவின் கொன்பிரா பிரதான சன்னதிக்கே 785. அம்மா பழனி ஏறியவராகவே இருக்கட்டும், அது முழங்காலுக்கு முந்தைய காலம்.

அதனால் பதினேழு இடத்தையும் எழுதி, பக்கத்தில் படி எத்தனை, உட்கார இடம் உண்டா, கழிவறை எவ்வளவு தூரம் என்று மூன்று கட்டம் போடு. பாதி தானாகக் கழியும். இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒரு ஊர், அதிலும் மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். நாங்கள் முதல் நாளில் ஐந்து இடம் போனோம். மாமியாருக்குக் கடைசியில் நினைவில் நின்றது ஸ்டேஷன் எஸ்கலேட்டர்தான்.

வெட்டிப்பேச்சு

எதற்கு இவ்வளவு அலைச்சல்? பழைய கோயில் என்று காட்டுவதில் பாதி புதுக்கட்டடம். கியோட்டோ தங்கக் கோயிலை 1950இல் ஒருவர் கொளுத்தி 1955இல் திரும்பக் கட்டினார்கள். அசகுசா சென்சோஜி 1945 குண்டுவீச்சில் எரிந்து 1958இல் கான்கிரீட்டில் எழுந்தது. தஞ்சாவூர் பெரிய கோயில் 1010. அப்பாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போயாகிவிட்டதா முதலில்?

கடையம்_பையன்

போயாகிவிட்டது சார். மூன்று தடவை.

மதுரைக்காரி

வெட்டி, பழையது என்றால் கல் பழையதாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இசே சன்னதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நூற்றாண்டிலிருந்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அதே அளவு மனையில் புதிதாகக் கட்டி, சாமியை ராத்திரியில் அங்கே மாற்றி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690இல் முதல் தடவை, 2013இல் 62ஆம் தடவை, அடுத்தது 2033. நான் போனபோது அந்தக் காலி மனையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், வெள்ளைக் கூழாங்கல் பரப்பி நடுவில் ஒரு சின்ன மரக்கூண்டு, அவ்வளவுதான். பிரித்த மரத்தையும் வீணாக்குவதில்லை. சன்னதியின் பெரிய தூண்கள் உஜி பாலத்தின் இரண்டு பக்கமும் தோரி வாசலாக நிற்கின்றன, அதன் கீழே நடந்துதான் நாம் உள்ளே போகிறோம். நம் ஊரில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிறோமே, அந்த மனசுதான் இது.

வெட்டிப்பேச்சு

கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிப்போம், அஷ்டபந்தனம் புதிதாகச் சாத்துவோம். கருவறையைப் பிரித்துப் பக்கத்து மனையில் கட்ட மாட்டோம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

மதுரைக்காரி

பாலாலயம் என்று ஒன்று செய்கிறோமே? சாமி தற்காலிகமாக வேறு இடத்தில் இருப்பதில்லையா? சரி, ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது இதுதான்: கல்லை நம்பாமல் கையை நம்பியிருக்கிறார்கள். இருபது வயதில் எடுபிடியாக இருந்த தச்சன் நாற்பதில் முன்னின்று கட்டுவான், அறுபதில் சொல்லிக்கொடுப்பான்.

வெட்டிப்பேச்சு

நடுவில் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூற்றிருபது வருடத்துக்கு மேல் இந்தக் கட்டும் வேலையே நின்றுபோயிற்று, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது அறுபது வயதுத் தச்சன் யாருக்குச் சொல்லிக்கொடுத்தான்?

ரயில்_பைத்தியம்

இரண்டு பேரும் தனியாக ஒரு இழை ஆரம்பித்துக்கொள்ளுங்கள். பையனுக்கு: இசே நல்ல இடம்தான், ஆனால் டோக்கியோவிலிருந்து ஒருநாளில் போய்வருவது அம்மாவுக்குக் கஷ்டம். நகோயாவில் இறங்கி கின்தெட்சு விரைவு வண்டியில் இன்னும் ஒன்றரை மணி நேரம். ஓர் இரவு தங்கினால்தான் சரி. தங்கினால் முதலில் வெளிச் சன்னதி, பிறகு உள் சன்னதி, அதுதான் முறை.

சுன்னாகத்தான்

நான் யோகோகாமாவில் இருக்கிறன், காமகுரா எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி. உங்கள் அம்மாவுக்கு அதுதான் சரி. பெரிய புத்தர் இருக்கிற கோதோகு-இன் சமதரை, படி ஏற வேண்டியதில்லை. வெண்கலப் புத்தர், 11 மீட்டருக்குக் கொஞ்சம் கூட உயரம், எடை ஏறக்குறைய 121 தொன். வார்க்கத் தொடங்கியது 1252இல். முன்பு மேலே மண்டபம் இருந்தது, புயலிலும் கடல்கோளிலும் அது போன பிறகு ஐந்நூறு வருசத்துக்கு மேலாக வெட்டவெளியில் மழையும் வெயிலும் வாங்கிக்கொண்டு இருக்கிறார். முன்னால் நின்று எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்கள் பின்னால் போய்ப் பாருங்கள், முதுகில் இரண்டு ஜன்னல் இருக்கும். சின்னக் காசு கொடுத்தால் உள்ளுக்கும் போகலாம், வார்ப்படம் அடுக்கடுக்காக ஒட்டினது உள்ளேதான் தெரியும்.

ஒரு விசயம் சொல்லாமல் போகமுடியாது. அந்த வளவுக்குள் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. 1951இல் சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராகப் போய், 'வெறுப்பு வெறுப்பால் தணியாது, அன்பால்தான் தணியும்' என்ற புத்தர் வாக்கைச் சொல்லி ஜப்பானுக்காகப் பேசினவர். அந்த வாக்கைத்தான் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஜப்பான் சனத்துக்கு அவர் நல்ல மனிசன். 83 ஜூலையில் கொழும்பில் வீடு எரிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான். முதல் தடவை நான் அந்தக் கல்லைத் தெரியாமல் கண்டனான், அப்பாவும் கூட நின்றவர். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, 'வா, தேத்தண்ணி குடிப்பம்' என்றார்.

அங்கே போனால் கிட்டா-காமகுராவில் ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கி எங்ககுஜியும் பாருங்கள். மங்கோலியர் படையெடுப்பில் செத்த இரண்டு பக்கத்தவருக்கும் சேர்த்து 1282இல் கட்டினது. அங்கே படி உண்டு, அம்மா வாசலில் இருக்கலாம்.

நிஷிகசாய்_அக்கா

சுன்னாகத்தான் அண்ணா, நான் ஐந்தாறு தடவை போயிருக்கிறேன், அந்தக் கல்லைக் கவனித்ததே இல்லை.

கடையம்_பையன்

காமகுரா உறுதி. இன்னொரு கேள்வி, இதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அப்பாவின் அண்ணன் தவறிப் போய் ஒரு மாதம் ஆகிறது. பதினாறு முடிந்துவிட்டது, ஆனாலும் ஒரு வருடத்துக்கு மலைக்கோயில் கூடாது என்கிறார் அம்மா. ஜப்பான் கோயிலுக்கும் அது உண்டா என்று அம்மாவே போனில் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

நிஷிகசாய்_அக்கா

இதில் என்ன கூச்சம், அவர்களுக்கும் உண்டு! ஜப்பானின் சொந்த மதமான ஷின்தோவில் சாவு என்றால் தீட்டுத்தான். நெருங்கிய குடும்பத்தில் சாவு நடந்தால் ஐம்பது நாள் சன்னதிப் பக்கம் போகாமல் இருப்பது வழக்கம், தோரி வாசலைத் தாண்ட மாட்டார்கள். புத்த கோயிலுக்கு அந்தத் தடை இல்லை. என் மாடியில் இருக்கும் ஜப்பான்காரப் பாட்டி தன் கணவர் இறந்த வருடம் புத்தாண்டுக்குச் சன்னதி போகாமல் இருந்ததை நான் பார்த்தேன். காரணம் கேட்டபோது அவர் சொன்னதும் எனக்குக் காருகுறிச்சி ஆச்சிதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அடையாளம் தெரிந்துகொள்: தோரி நின்றால் அது ஜின்ஜா, சன்னதி. இரண்டு தடவை குனிந்து, இரண்டு தட்டு, மறுபடி ஒரு குனிவு. தோரி இல்லாமல் பெரிய கூரை போட்ட வாசலும் ஊதுவத்திப் புகையும் இருந்தால் அது தேரா, புத்த கோயில், அங்கே கைதட்டக் கூடாது, வெறுமனே கும்பிட்டால் போதும். அசகுசாவில் நம் ஆட்கள் பெரும்பாலும் தட்டிவிடுகிறார்கள், யாரும் திட்ட மாட்டார்கள், மனசுக்குள் சிரிப்பார்கள்.

வெட்டிப்பேச்சு

மலைக்கோயில் கூடாது என்றால் ஜப்பானில் எங்கே போவது? இருப்பதெல்லாம் மலைதானே. :)

திருவெண்காடு_2.0

சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே. சைவம் என்று சொன்னால் கறியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். தாஷி என்கிற கருவாட்டுச் சாறு இல்லாமல் இங்கே குழம்பும் இல்லை, சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறும் இல்லை. ஒரு சுற்றுலா ஊரில் வாசலில் 'சைவம்' என்று எழுதிப்போட்ட கடையில் என் மனைவி பாதி சாப்பிட்ட பிறகு, மேலே ஆடிக்கொண்டிருந்த மெல்லிய சீவல் என்ன என்று கேட்டோம். கத்சுவோபுஷி, சூரை மீன் கருவாடு. பரிமாறிய பெண் பாவம், அது மீன் கணக்கில் வராது என்றே நினைத்திருக்கிறாள். கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வாயால் கேட்க வேண்டும்: 'தாஷி மோ தாமே தெஸ்' என்று சொல்லப் பழகிக்கொள், தாஷியும் ஆகாது என்று பொருள். நிக்கோவில் யூபா பேர்போனது, சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஏடு. பாலாடை மாதிரி இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் அதையும் தாஷியில்தான் வேகவைப்பார்கள், கேட்டுவிட்டு வாங்கு.

நிஷிகசாய்_அக்கா

கேட்கவே வேண்டாம், புளியோதரை கட்டிக்கொண்டு போ. தோஷோகுவுக்குள் உட்கார்ந்து சாப்பிடாதே, ரயிலிலேயே சாப்பிடலாம், விரைவு வண்டியில் மடக்கு மேசை உண்டு. குப்பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரப் பையும் சேர்த்து எடு, ஊரெல்லாம் தேடினாலும் குப்பைத்தொட்டி கிடைக்காது.

மதுரைக்காரி

கியோட்டோவுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறாய் அல்லவா, அதை நாராவுக்குக் கொடுத்துவிடு, கியோட்டோ கூட்டத்தில் அம்மாவை நிறுத்தாதே. தோதாய்ஜி பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்பது மரபு, மதுரை என்றே சொல்பவர்களும் உண்டு (எனக்கு ஆதாரம் தேவையில்லை, நான் மதுரைக்காரி). 736இல் ஜப்பான் வந்தார். கண் திறந்த தூரிகையில் நீளமாக நூல் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோரும் சேர்ந்து கண் திறந்த மாதிரி. அந்தத் தூரிகை இன்னும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. நம் ஊர் ஸ்தபதி தங்க ஊசியால் கண் திறப்பதைப் பார்த்த அப்பாவுக்கு இதைச் சொன்னால் போதும், பதினேழு இடத்தையும் மறந்துவிடுவார்.

ரயில்_பைத்தியம்

டோக்கியோவிலிருந்து நாரா ஒருநாளில் போய்வருவது என்றால் ஷின்கான்சென் புல்லட் ரயில் மட்டும் ஆளுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். மூன்று பேர். சும்மா சொல்லிவைக்கிறேன்.

கடையம்_பையன்

பட்ஜெட் பார்த்தேன். நாரா அடுத்த தடவைக்கு. வந்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி.

கடையம்_பையன்

வந்துவிட்டேன். போன வாரம்தான் அவர்களை விமானம் ஏற்றிவிட்டேன், கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் காமகுரா. கிட்டா-காமகுராவில் இறங்கவில்லை, அம்மாவால் முடியாது என்று தோன்றியது. ஹச்சிமான்கூவில் 61 படிக்கு முன்னாலேயே அம்மா நின்றுவிட்டார். அப்பாவும் நானும் மேலே போய்வரலாம் என்று கிளம்பினோம். திரும்பி வந்து பார்த்தால் அம்மா ஏழெட்டுக் குழந்தைகளுக்கு நடுவில். நவம்பர் 15ஐ ஒட்டி ஷிச்சி-கோ-சான் என்று மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கிமோனோ உடுத்திச் சன்னதிக்குக் கூட்டிவருவார்களாம், எனக்கே தெரியாது. ஒரு மூன்று வயசுக் குட்டி தன் உயரத்துக்கு ஒரு மிட்டாய்ப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து அம்மாவின் பட்டுப்புடவைக் கரையைத் தொட்டுப் பார்க்கிறது. அதன் பாட்டியும் என் அம்மாவும் ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கால்மணி நேரம். படிக்குப் பக்கத்தில் 2010இல் விழுந்த பெரிய கிங்கோ மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த கன்றை நான் காட்டினேன். 1219இல் ஷோகன் சனெதோமோவை அந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து அவர் அண்ணன் மகனே வெட்டினான் என்பது கதை. அப்பா மட்டும் கேட்டார்.

பெரிய புத்தரிடம் போனோம். சுன்னாகத்தான் அண்ணா, அந்தக் கல்லைத் தேடிப் பார்த்தேன். அப்பாவுக்கு நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'அவங்க அப்பா என்ன சொன்னார்' என்று கேட்டார். சொன்னேன்.

நிக்கோ. காலை ஏழு மணி வண்டி, புளியோதரை, எல்லாம் அக்கா சொன்னபடி. இரோஹாசாக்கா மலைப்பாதையின் 48 வளைவுப் பக்கமே போகவில்லை. இலையுதிர் காலக் கூட்டத்தில் கெகோன் அருவிக்குப் போன பஸ் மூன்று மணி நேரம் நின்றதாகப் பக்கத்துச் சீட்டில் ஒருவர் சொன்னார். தோஷோகு மலையில்தானே இருக்கிறது என்று நான் பயந்தேன், 'இது சமாதி, கோயில் கணக்கில் வராது' என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். 207 படி அப்பா மட்டும் ஏறினார். யோமெய் வாசலில் ஒரு தூணை வேண்டுமென்றே தலைகீழாக நட்டிருக்கிறார்கள், முழுசாக முடித்த கட்டடம் அன்றிலிருந்தே அழியத் தொடங்கும் என்ற நம்பிக்கையாம். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, 'திருஷ்டிப் பொட்டு' என்றார்.

மூன்று குரங்கை எல்லோரும் பார்க்கிறார்கள். அப்பா நின்றது எதிரே, மேல் கருவூலத்தின் உச்சியில் இருக்கும் இரண்டு யானைக்கு முன்னால். அதற்குப் படம் வரைந்து கொடுத்த கானோ தன்யூ யானையைப் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டு வரைந்தது. தும்பிக்கையும் தந்தமும் இருக்கின்றன, ஆனால் காதும் வாலும் எங்கிருந்தோ வந்தவை. நெல்லையப்பர் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த மனிதர் இவர், கழுத்தை அண்ணாந்தபடி அஞ்சு நிமிஷம் சிரித்தார். 'பாக்காமலே இவ்வளவு பண்ணிருக்கான்டா' என்றார். அப்புறம் அழும் டிராகன் கூரை. டிராகன் தலைக்கு நேர் கீழே நின்று துறவி இரண்டு கட்டையைத் தட்டினால் கிணுகிணுவென்று மணி மாதிரி நடுங்குகிறது, ஓரடி தள்ளித் தட்டினால் வெறும் கட்டைச் சத்தம். அப்பா உடனே இசைத்தூணைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தார், பக்கத்தில் நின்றவர்கள் முறைத்தார்கள்.

மூன்றாம் நாள் வைத்திருந்த திட்டம் மழையில் போயிற்று. இங்கே யாரும் சொல்லாத ஒன்றை நானே கண்டுபிடித்தேன். அசகுசாவில் சென்சோஜிக்குக் கொஞ்சம் வடக்கே மத்சுச்சியாமா ஷோதென் என்று ஒரு சின்னக் கோயில். சாமி காங்கிதென், அதாவது நம் பிள்ளையார். மூலவரை யாருக்கும் காட்டுவதில்லை. காணிக்கை வெள்ளை முள்ளங்கி, வாசல், தூண், கல் எங்கு பார்த்தாலும் இரட்டை முள்ளங்கி செதுக்கியிருக்கிறார்கள். இதுவும் மேட்டில்தான். ஆனால் அக்கா, முழங்காலுக்காகவே செய்தமாதிரி நாலைந்து பேர் உட்காரும் குட்டி ரயில்பெட்டி ஒன்று மேலே ஏற்றிவிடுகிறது, காசு கிடையாது. அம்மா அதில் இரண்டு தடவை போனார்.

முள்ளங்கியை அங்கேயே வாங்கி வைத்தோம். படைத்து முடித்ததை வருகிறவர்களுக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள், பிரசாதம். அம்மா ஒன்றை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி முள்ளங்கி சாம்பார்.

நிஷிகசாய்_அக்கா

பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறேன், அசகுசாவில் பிள்ளையார் இருப்பதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம்?

கடையம்_பையன்

தோபு அசகுசாவிலிருந்து ஆற்றை ஒட்டியே நடந்தால் பத்து நிமிஷம். அம்மா நடைக்கு இருபது.